எந்த ஆற்று நீர்நாய்?

இந்த நாட்டில் ஒரு விலங்கைக் கொன்றவர், அதன் முடியைத் தன் பெயர், முகவரியோடு தபாலில் அனுப்பிவைக்கிறார். கனடாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குத் தினமும் இப்படி உறைகள் வரும். உள்ளே மார்ட்டன் என்ற, கீரி போன்ற பிராணியின் முடி. மரபணுவில் உள்ள அடையாளங்களைப் பார்த்து, அது எந்த மலைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்வது என் வேலை. லைசென்ஸ் எடுத்துப் பொறி வைத்துப் பிடிக்கும் டக் என்பவர் நேரிலேயே வருவார். "என் அப்பா ஒரு தோலால் ஜெயிலுக்குப் போனார்" என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். "லைசென்ஸ் புதுப்பிக்க மறந்துவிட்டாரா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

அப்பா கோழி அறுக்கவே ஆள் கூப்பிடுகிறவர். ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் நீர்நாய்த் தோல் ஒன்று கிடந்தது. யாரோ தகவல் கொடுத்து வனத்துறை வந்தது. எங்கள் பக்கத்து முல்லையாற்றில் அப்பா அதை வேட்டையாடினார் என்று வழக்கு. அவரை ஜீப்பில் ஏற்றியபோது, தோட்டத்துப் பாதைக்காக எங்களோடு மல்லுக்கு நின்ற பெரியப்பா மகன் சேவியர் வேலியோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அந்தக் குச்சியை நான் மறக்கவில்லை. ஜாமீனில் வந்த பிறகும் அப்பா பூசைக்குப் போவதில்லை. "ஊரே என் முதுகத்தான் பாக்குது ஆத்தா" என்று போனில் என்னிடம் சொல்வார்.

எங்கள் வக்கீல் நீதிமன்றத்தில் என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நீதிமன்றம் தோலை இந்தியாவிலேயே மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. முடிவு வந்துவிட்டது: அந்த நீர்நாய் நம் பக்கத்ததே அல்ல, காவிரிக் கூட்டம். அப்பா மதுரையைத் தாண்டியதில்லை. சேவியர் லாரி ஓட்டுகிறவன். எங்கே ஓட்டினான் என்பது மட்டும் அவன் வாயால் வரவேண்டியிருந்தது.

போன வாரம் அவனே கூப்பிட்டான், ஒன்றுமே நடக்காதது போல. சோதனை விஷயம் அவனுக்குத் தெரியாது.

"தங்கச்சி, எம்மவனுக்கும் அங்கன ஒரு வேல பாத்துக் குடேன்."

"இங்கன லாரி ஓட்டத்தான் ஆள் தேடுறாக அண்ணே. வீட்டுல ஓட்டுனவுக இருந்தா நல்லதும்பாக. நீங்க எங்கெங்க ஓட்டுனீக?"

"காவேரிக் கரையில நான் படுக்காத ஊரு இருக்கா? சித்தப்பாவப் பிடிச்சுட்டுப் போனாகளே, அதுக்கு மொத நாக்கூட மைசூருப் பக்கமிருந்துதான் வந்து எறங்குனேன்!"

"அப்படியாண்ணே" என்று இனிக்க இனிக்கச் சொன்னேன். பேச்சு முழுவதும் பதிவாகி வக்கீலிடம் போய்விட்டது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கியதே இல்லை.

திருவிழாவுக்கு வருகிறாயா என்று அம்மா கேட்கிறாள். நான் டிக்கெட் போட்டிருப்பது விசாரணைத் தேதிக்கு. பொறி வைத்துவிட்டு டக் காட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து காபி குடிப்பார், காது மட்டும் காட்டில் இருக்கும். வெளியே பனி கொட்டுகிறது. நானும் காபி குடிக்கிறேன். என் பொறி ராயப்பன்பட்டியில் கிடக்கிறது.