மொட்டு வீங்கும்வரை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தங்கைக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘அப்புறம்’. நரம்பு நன்றாக எழும்பாமல் ஊசியைத் தொடவே மாட்டாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் காதில் போட்டுக்கொள்ளவும் மாட்டாள். ஆனால் யாரையும் இரண்டாம் முறை குத்தினாள் என்ற பேச்சே கிடையாது.

அந்த நிதானம்தான் அக்காவுக்கு எரிச்சலை மூட்டியது. அவளுடைய இறந்துபோன கணவர் பன்னிரண்டு வருடம் தட்டைத் தொட்டியில் வளர்த்த மாதுளை போன்சாய், ஒரு முழ உயரக் குட்டை மரம்தான். வேர் தொட்டியை அடைத்துக்கொள்ள, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. இலை மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கொளுத்தும் வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு தங்கை போன்சாய் வளர்க்கும் மொட்டைமாடிக்கு ஓடிவந்தவள், இன்றைக்கே வேரை வெட்டி மண்ணை மாற்று என்றாள்.

“இப்ப வேரைத் தொட்டா செத்துடும்க்கா. இலை உதிர்ந்து, மொட்டு வீங்கட்டும்.”

“அதுவரைக்கும் இருக்குமா?”

தங்கை பூசி மெழுகவில்லை. தன் முதல் மரத்தை ஆசை ஆசையாய் ஒரே நாளில் வேரும் கிளையும் வெட்டிக் கொன்றவள்தான் அவள். இது பிழைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றாள். அக்கா தொட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் கோபம்தான், ஞாயிறுதோறும் எட்டிப்பார்க்க மட்டும் தவறவில்லை. தங்கை பின்னல் ஊசியால் மண்ணில் துளையிட்டு, தொட்டியை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்து நிழலில் வைத்திருப்பாள். குளிரில் இலையெல்லாம் கொட்டியது. வெறும் குச்சியை அக்கா நகத்தால் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள்.

குளிர் விடத் தொடங்கிய ஒரு காலையில் தங்கையே போன் செய்து, லீவு போட்டிருப்பதாகச் சொல்லி வரச் சொன்னாள். கிளையெங்கும் அரிசி அளவில் சிவப்பு மொட்டுகள். வேரைச் சிக்கெடுத்து, மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண்ணில் அமர்த்தினாள். என்ன கை அது! நடுக்கமே இல்லை. அக்கா சும்மா இருந்தாளா? அவர் போனபின் கண்டபடி நீண்டுவிட்ட கிளையையும் நறுக்கச் சொன்னாள். வேர் தேற இலை வேண்டும், இந்த வருடம் கிளைமேல் கத்தரி படக்கூடாது என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள்.

மறுவருடம் மரம் தழைத்து நின்றது. தளிர் முற்றியதும் தங்கை கத்தரியை அக்காவிடமே கொடுத்தாள். கிளையில் அவர் கடைசியாக வெட்டிய தழும்பு தெரிந்தது. அக்காவுக்குக் கை வரவில்லை.

“அப்புறம் வெட்டிக்கலாமே” என்றாள்.

“இதுக்கு ‘அப்புறம்’ கிடையாதுக்கா. இதான் நேரம்.”

அவர் வெட்டிய தழும்புக்கு மேலே ஒரு மொட்டு மட்டும் விட்டு, அக்கா வெட்டினாள்.