இல்லாத கிளிக்கு ஒரு நோட்டீஸ்

நாற்பத்தாறு வயதில் அவள் சட்டக் கல்லூரியில் சேர்ந்ததற்குக் காரணம் ஓர் உடைந்த மூக்குக்கண்ணாடி.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். ஏதோ ஓர் அடிதடி வழக்கில், தரையில் கிடந்த கண்ணாடி யாருடையது என்று சொல்ல அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கையில் வாங்கிய உடனேயே அது தன் வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்தரப்பு வக்கீல் எழுந்தார். கண்ணாடி உடையும்போது அங்கே இருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் அது உடைந்தது என்று எப்படித் தெரியும் என்றார். அவள் இரண்டு துண்டையும் இரண்டு கையில் தூக்கிக் காட்டினாள். "ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் வக்கீல். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, கண்ணாடி உடைந்ததா இல்லையா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், தான் வக்கீலுக்குப் படிக்கப் போவதாகக் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நிற்பவன் என்பதால் பேச்சில் சிக்கனம். படி என்றான். அவ்வளவுதான்.

தபால் வழியில் வாங்கிய பழைய பட்டம் ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பி, மாலை வகுப்பில் இடம் வாங்கினாள். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியை என்று நினைத்துவிட்டார்கள். உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், மேஜையில் கிடந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். நடுவில் உள்ளே வந்த உண்மையான பேராசிரியர், அன்றுதான் வேலையில் சேர்ந்தவர், அறை மாறி வந்துவிட்டோமோ என்று பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் ஆண்டில் அதே பேராசிரியர்தான் வரைவுப் பாடம் எடுத்தார். ஒரு கற்பனைப் பிரச்சினையை வைத்து ஆளுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் எழுதி வரச் சொன்னார். அவளுக்குக் கற்பனை வீட்டு வாசலைத் தாண்டிப் போகாது. அதனால் மேல்மாடியில் தனியாகக் குடியிருந்த, ஓய்வுபெற்ற சர்வேயரையே எதிர்தரப்பாக வைத்துக்கொண்டாள். அவர் ஒரு கிளி வளர்ப்பதாகவும், அது அவளுடைய குரலில் அவள் கணவனைக் கூப்பிட்டு வேலை ஏவுவதாகவும், அவனும் நம்பி இரண்டு முறை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டதாகவும் மூன்று பக்கம் எழுதினாள். விலாசத்தைச் சரியாகப் போட்டாள். அடியில், குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஒரு நகல் என்றும் போட்டு, கையெழுத்திட்டு மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டதாகக் கணவன் சொன்னான். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் சொல்லாமலே அவன் செய்த முதல் வேலை அது.

"நகல்னு போட்டிருந்துச்சே, அதனால ஜெராக்ஸ் எடுத்து செயலாளருக்கும் ஒண்ணு போட்டுட்டேன்" என்றான்.

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மேலே போய் மன்னிப்புக் கேட்க நாலு நாள் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நாள் பதில் வந்துவிட்டது, அதுவும் பதிவுத் தபாலில். சர்வேயர் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துத் தன் கைப்பட எழுதியிருந்தார். தன்னிடம் கிளி எதுவும் இல்லை. அப்படியே இருந்தாலும் அது பேசாது. அப்படியே பேசினாலும் உண்மையைத்தான் பேசும். தொட்டி கழுவப்பட வேண்டிய நிலையில்தான் இருந்தது.

அவள் படியேறிப் போனாள். சர்வேயர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வருவாள் என்று எதிர்பார்த்தவர்போல் கதவைத் திறந்தார். அது கல்லூரி வீட்டுப்பாடம், தவறிப்போய் தபாலில் வந்துவிட்டது என்று விளக்கினாள். அவர் முகம் சற்று வாடியது.

"பத்து வருஷமா எனக்கு கரண்ட் பில்லைத் தவிர ஒரு தபாலும் வரலைம்மா. நீங்கதான் மூணு பக்கம் எழுதியிருந்தீங்க. பதில் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

இரண்டையும் சேர்த்து அவள் பேராசிரியரிடம் கொடுத்தாள். நோட்டீஸுக்கு இருபதுக்குப் பதினொன்று, பதிலுக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டை யார் கணக்கில் சேர்ப்பது என்று கல்லூரிக்குத் தெரியாததால் விட்டுவிட்டார்கள்.

ஆனால் செயலாளர் விடவில்லை. அவருக்கு டயர் வியாபாரம். சங்கத்துக்கு வந்த முதல் பதிவுத் தபால் அது. அவள் போய் இது வீட்டுப்பாடம் என்றதற்கு, "பதிவுத் தபால்ல யாரும்மா வீட்டுப்பாடம் அனுப்புவாங்க?" என்று கேட்டார். மூன்று பேர் குழு மேல்மாடியைச் சோதனை போட்டது. வீட்டில் கூண்டு இல்லை, ஆகவே கிளி திறந்துவிடப்பட்டிருக்கிறது, இது இன்னும் ஆபத்து என்று அறிக்கை எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விசாரணை. சர்வேயருக்காக வாதாட அவளே முன்வந்தாள். புகார் கொடுத்தவரே எதிரிக்கு வக்கீலாகலாமா என்று ஒருவர் கேட்டார். சங்க விதியைப் புரட்டினார்கள். கூடாது என்று எங்கும் இல்லை.

முதல் சாட்சி கீழ்த்தளத்து டியூஷன் டீச்சர். கிளிச் சத்தத்தைத் தான் பலமுறை கேட்டிருப்பதாகவும், பாடம் நடக்கும்போது அது தன்னை 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட்டதாகவும், பிள்ளைகள் சிரித்ததாகவும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. பிறகு ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். ஒருவருக்கு அது பச்சை, ஒருவருக்குச் சாம்பல். ஒருவருடைய மொட்டைமாடித் துணியை அது கிழித்திருந்தது.

கடைசியாக அவள் தன் கணவனைக் கூப்பிட்டாள். நோட்டீஸ் தபாலுக்குப் போன கதை முழுவதும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"நம்ம வீட்ல என்னைக்காவது கிளிச் சத்தம் கேட்டிருக்கீங்களா?"

"நான் பகல்ல வீட்ல இருக்கிறதில்லையே."

"ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். இவ்வளவு பேர் தன்னைப் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை. நெற்றி வியர்த்தது. "இல்லைன்னு சொல்ல முடியாது" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. சாட்சிக் கூண்டில் இரண்டு துண்டையும் தூக்கிக் காட்டிக்கொண்டு தான் நின்றது நினைவு வந்தது. அந்த வக்கீல் மாதிரியே தானும் கேட்டுவிட்டாள், அதுவும் சொந்தக் கணவனை. கேள்வி முடிந்தது என்று சொல்லி, அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பதினைந்து நாளுக்குள் கிளியை அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சர்வேயர் ஆடிப்போய்விட்டார். நாற்பது வருஷம் நிலம் அளந்தவர். இல்லாததை எப்படி எடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. பத்து நாள் அவள் புத்தகத்தைப் புரட்டினாள். கிளி இல்லை என்று நிரூபிக்க வழியே இல்லை. கடைப் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வாக்கியம் கிடைத்தது. அன்று மாலையே வகுப்புக்குப் போகாமல் மேலே ஓடினாள்.

'இந்தத் தேதியில் என் வீட்டில் கிளி இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேட்டாள்.

சர்வேயர் பேனாவை மூடி திறக்காமலே வைத்திருந்தார். "அப்ப நேத்து வரைக்கும் இருந்துச்சுன்னு ஆகிடாதா?"

"அதை நாம எழுதலையே சார். அவங்களா நினைச்சா நாம என்ன பண்றது?"

அவர் ஒருமுறை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஒன்றுகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டார். குழு மறுபடி வந்து அலமாரி, கட்டிலடி எல்லாம் தேடி, கிளி இல்லாததைக் கண்டு திருப்தியாகப் போனது. சத்தம் நின்று இப்போதுதான் நிம்மதியாகப் பாடம் எடுக்க முடிகிறது என்று டியூஷன் டீச்சர் நேரில் வந்து நன்றி சொன்னார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். அன்றிரவு சாப்பிடும்போது, ஜெயித்தோமா தோற்றோமா என்று கணவனிடம் கேட்டாள். அவன் யோசித்து, ஆமா என்றான்.

வருடக் கடைசியில் சாட்சியச் சட்டத் தேர்வு. பல சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் அதை அப்படியே நம்பலாமா, எடுத்துக்காட்டுடன் விளக்கு என்று ஒரு கேள்வி. அவள் கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினாள். தேர்வறையிலேயே அவ்வளவு வேகமாக வேறு யார் பேனாவும் ஓடவில்லை. மதிப்பெண் வந்தபோது, அந்தக் கேள்விக்குப் பதினைந்துக்கு நாலு. விண்ணப்பம் போட்டு விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தியவர் எழுதியிருந்தார்: 'எடுத்துக்காட்டு நம்பும்படியாக இல்லை.'