சாப்பிடுகிற பாதி

"உங்க ஆபீஸ்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பினா நாட்டுல யாருக்காவது தெரியுமா, சொல்லு?" கொதிக்கும் எண்ணெயிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை அள்ளி உதறிக்கொண்டே நோரீன் மக்கார்வி கேட்பாள். எதிரே நிற்பவர் அரசு ஊழியர். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களும் அரசு ஊழியர்கள்தாம். ஒட்டாவாவில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு நடுவே வறுவல் வண்டி போட்டவளுக்கு வேறு யார் வருவார்கள்?

வண்டிக்குள் வானொலி காலையிலிருந்தே வரி, கடன், பற்றாக்குறை என்று கத்தும். அது மூச்சு விடும் இடத்தில் நோரீன் பிடித்துக்கொள்வாள். வறுவலின் மேல் பாலாடைக்கட்டியைத் தூவி, குழம்பை ஊற்றி, அதே கரண்டியால் நாடாளுமன்றக் குன்றைச் சுட்டுவாள். "இங்க எல்லாம் அளவு கண்ணு. அங்க அண்டாவோட கவுக்கிறானுங்க." பெட்ரோல் மேலிருந்த கார்பன் வரியைத்தான் எடுத்துவிட்டார்களே என்றால், "எடுத்தவன் வேற பேர்ல வைப்பான், பாத்துக்கிட்டே இரு" என்பாள்.

நானும் அந்த வரிசையில் நிற்கிற குமாஸ்தாதான். அவள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் இலாகாவில் ஓர் உடைந்த நாற்காலியை மாற்ற மூன்று கூட்டம் போட்டோம், நாற்காலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனாலேயே எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் கடன் வாங்கி வண்டியைப் புதிதாக்கினாள். கடன் என்றால் உங்களுக்கு ஆகாதே என்று கேட்டேன். "இது கடன் இல்ல, முதலீடு" என்றாள். நிதியமைச்சர்களும் இதைத்தான் சொல்லி வருகிறார்கள்.

இந்த வசந்தத்தில் அவள் கேட்ட வரம் கிடைத்தது. ஆட்குறைப்பு வந்தது. எங்கள் மாடியிலேயே பல மேசைகள் காலியாயின. வண்டி முன் வரிசை சுருங்கி, மதியம் தாண்டுவதற்குள் அவள் அடுப்பை அணைக்க வேண்டியதாயிற்று. தவணை கட்டாவிட்டால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள்.

"நீங்க கேட்டபடியே நடந்துருச்சேக்கா" என்றேன். சும்மா இருக்க முடியவில்லை.

"நான் சொன்னது உருப்படாத பாதிய! இந்தப் பாவிங்க என்கிட்ட சாப்பிடுற பாதியத்தானே அனுப்பிட்டானுங்க!"

நேற்று தொழிற்சங்கத்தார் தெருவில் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். வெகுநாளைக்குப் பிறகு வண்டி முன் கூட்டம். ஆர்ப்பாட்டத்தின் முன்வரிசையில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிய எங்கள் இலாகா லூசியன், வறுவல் தட்டைக் கையில் வாங்கியதும் தடுமாறினார். மறு கையில் 'ஒருவரையும் நீக்காதே' என்று எழுதி, கம்பில் கட்டிய அட்டை.

"அக்கா, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இதக் கொஞ்சம் புடிங்க."

செத்த எலியை வாலில் தூக்குவதுபோல் இரண்டு விரலால் வாங்கினாள். லூசியன் சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வந்து நின்றார்கள். நோரீன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வானொலியை அணைத்துவிட்டு, கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே எட்டுகிற மட்டும் உயர்த்தினாள்.