பாஸ்பேட் தொட்டிக்குள் இருந்து வந்த பதில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

நான் வேலை பார்த்தது உரத் தொழிற்சாலையில். சோப்புத் தூள், கூல்டிரிங்ஸ், துரு எடுக்கும் மருந்து என்று பாஸ்பேட் பாறை போகாத இடமில்லை. எங்களிடம் அது உரமாகும். பாறையை மாவாக அரைத்து, மூன்று மாடி உயர இரும்புத் தொட்டியில் நிரப்புவோம். அடியில் இருக்கும் பெல்ட் அந்த மாவை ஆசிட் கலக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும்.

சுவரில் அப்பிய மாவைச் சுரண்ட எப்போதாவது ஆள் உள்ளே இறங்குவான். பெல்ட் ஓடினால் சரியும் மாவு அவனை இழுத்துப் புதைத்துவிடும். அதனால் ஒரு விதி. பெல்ட் போடும் முன் மரச் சுத்தியலால் தொட்டியை மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான். எல்லோரும் கடனே என்று தட்டிவிட்டு சுவிட்சை அழுத்துவார்கள். பதிலுக்காக நிற்பவன் நான் ஒருவன்தான். மனைவியும் மகளும் வேறு ஊரில். அறைக்குப் போனால் பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. கொஞ்ச நேரம் நிற்பதில் எனக்கென்ன நஷ்டம்?

அன்று விடுமுறை. நாலைந்து பேர்தான் வேலைக்கு வந்திருந்தோம். தொட்டிப் பக்கம் நான் மட்டும். மணி இரண்டு பத்து. தட்டினேன்.

டங்... டங்... டங்...

பதில் வந்தது.

உள்ளிருந்து. என் தோள் உயரத்தில்.

"யாரு உள்ள?"

சத்தமில்லை. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது. இந்த முறை அவசரமாக.

ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். மாவு தளும்பக் கிடந்தது. ஒரு கால்தடம் இல்லை. தட்டியவன் அந்த மாவுக்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

போன் செய்தேன். சூப்பர்வைசர் வந்து தட்டினார். உள்ளிருந்து உடனே தட்டல் வந்தது.

"கேட்டீங்களா சார்?"

"என்னத்த? ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு யாரும் உள்ள இறங்கல."

"ஆள் இருந்தா செத்துருவான் சார்."

அவரே சுவிட்சை அழுத்தினார்.

மாவு சரிந்தது. தட்டல் நிற்கவில்லை. கீழே இறங்கியது.

இடுப்பு உயரம்...

முழங்கால்...

தரை...

நின்றுவிட்டது.

மாலையில் தொட்டி காலி. உள்ளே யாரும் இல்லை. வேலைக்கு வந்த எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

"தனியா கெடந்தா இப்படித்தான். பொண்டாட்டிய கூட்டிட்டு வா" என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் ஃபிட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ரொம்ப வருஷம் முன்னால ஒருத்தன் உள்ள புதைஞ்சுட்டான். திருப்பித் தட்டியிருக்கான். அப்ப பெல்ட் போட்டது இதே சூப்பர்வைசர்தான். ஒண்ணும் கேக்கலைன்னு விசாரணையில சொன்னாரு."

"நெஜமாவே கேக்கலையோ என்னவோ."

அண்ணன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துல நான் நின்னேன்ப்பா. எனக்குக் கேட்டுச்சு."