துறைமுகப் படகில் கேட்ட கேள்வி

ஹாம்பர்க் என்ற பெயரை இருபது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், ஏற்றுமதிக்குப் போகும் அட்டைப்பெட்டிகளின் பக்கவாட்டில் அந்தப் பெயர் கறுப்பு மையில் இருக்கும். நான் தரம் பார்க்கும் பிரிவு. பெட்டி மூடுவதற்கு முன் கடைசியாக ஷூவைத் தொடுகிற கை என்னுடையது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு கோடையில் அங்கிருந்து புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய பெண்கள் ஷூவில் சிலவற்றுக்கு அடிப்பாகம் வாய் பிளக்கிறதாம். முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், நேரில் போய் ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துப் பிரித்துத் தர ஆள் அனுப்புகிறோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. நானும் இன்னொரு சூப்பர்வைசரும் போவதாக ஏற்பாடு. அவருக்கு விசா வரவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், நீங்க ஒருத்தரே போய்ட்டு வந்துடுங்க. பத்து நாள்தானே. நல்லது தனியா, கெட்டது தனியா வைங்க. ஜாஸ்தி கெட்டது வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க."

"போறேன் சார்" என்றேன். நாற்பத்து நான்கு வயது வரை சென்னையைத் தாண்டி எங்கும் தனியாகப் போனதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். தங்கையும் எங்கள் கம்பெனியிலேயே தையல் பிரிவில் இருக்கிறாள். விமானம் ஏறும் வரை அவள்தான் எனக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டாள்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு கிடங்கில் பத்து நாள் வேலை. ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் பெட்டிகள். ஷூவை எடுக்க வேண்டும், முன்பாதத்தில் வளைக்க வேண்டும், ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும், வைக்க வேண்டும். பெட்டிகளை வண்டியில் கொண்டுவந்து இறக்குகிற ஆள் காலையில் ஒரு வார்த்தை சொல்வார், சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்வார். நானும் அதையே திருப்பிச் சொல்வேன். நான்காம் நாள் தும்மியபோதுதான் என் சத்தத்தையே நான் கேட்டு வெகு நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், ஷூ அளவுகளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தேழு.

பயந்த அளவுக்கு மோசமில்லை. ஒரே ஒரு நாள் அடிப்பாகம் ஒட்டிய சரக்கில் மட்டும்தான் கோளாறு. மீதி எல்லாம் தேறியது. கடைசி நாள் மதியம் வாங்குகிற கம்பெனியின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து கைகுலுக்கி, ஒரு உறையைக் கொடுத்தாள். உள்ளே துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் மாலைப் படகுக்கு டிக்கெட். "ஊரைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நல்ல மனசு. அவளும் கூட வருவாள் போல என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு டிக்கெட்தான் இருந்தது.

படகு ஏழு மணிக்கு. அங்கே கோடையில் ஏழு மணி என்றால் நம் ஊர் நாலரை மணி வெயில். தாழ்வான, கூரை போட்ட படகு. நடுவில் நீள மேசைகள், பின்னால் காபி, பீர் கொடுக்கிற சின்ன கவுன்டர். எல்லாரும் ஜோடியாகவோ கூட்டமாகவோ வந்திருந்தார்கள். ஜன்னல் ஓரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தேன். என் எதிரில் ஒரு நடுவயதுத் தம்பதி உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்து, பிறகு ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கடல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவேயில்லை. அது ஆற்றங்கரைத் துறைமுகம். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் செங்கல் கிடங்குகளுக்கு நடுவே போனோம். நூறு வருடத்துக்கு மேல் பழையவை. ஐந்து மாடி, ஆறு மாடி, சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். மாடிக்கு மாடி கதவு, மேலே மூட்டை தூக்குகிற கொக்கி. தாழ்வான பாலங்கள் வரும்போது வெளியே நின்றவர்கள் சிரித்துக்கொண்டே தலை குனிந்தார்கள். அப்புறம் படகு அகலமான தண்ணீருக்கு வந்தது. பெரிய கப்பல்களின் அடியில், மலையடிவாரத்தில் ஆட்டோ போவதுபோலப் போனோம். கன்டெய்னர்களை மாடிவீடு போல அடுக்கியிருந்தார்கள். எங்கள் பெட்டிகளும் இப்படித்தான் வந்து இறங்கியிருக்கும்.

படகை ஓட்டியவரே மைக்கில் விளக்கம் சொன்னார், முழுக்க ஜெர்மனில். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதோ வேடிக்கையாகச் சொல்வார், படகே குலுங்கச் சிரிக்கும். முதல் இரண்டு தடவை நானும் சிரித்துவைத்தேன். மூன்றாவது தடவை, எதிரில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிரிக்கிற விஷயம் இல்லை போல. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தங்கைக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. நம் ஊரில் பத்தரை தாண்டியிருக்கும். அவளுக்கு முதல் ஷிப்ட், தூங்கியிருப்பாள். கப்பலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுவும் ஒற்றை டிக்கோடு நின்றது. அழுகை வரவில்லை. இவ்வளவு பெரிய தண்ணீரைப் பார்த்து "பாரு" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான்.

"நீங்கள் தமிழோ?"

திரும்பினேன். கவுன்டரில் வேலை செய்கிற அம்மா, கையில் தட்டோடு நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த தலையை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ஆமாங்க்கா" என்றேன். குரல் கரகரத்தது.

"போனில தமிழ் எழுத்தைக் கண்டனான். இந்தியாவோ? எவடம்?"

"ஆம்பூருங்க்கா. வேலூர் பக்கம்."

அவர் தட்டை மேசையில் வைத்தார். "வேலூரோ" என்றார். அப்புறம் எதிரில் இருந்தவர்களிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டு, காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊர்ப் பெயரில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து நான் கேட்காமலே ஒரு டீயோடு வந்து, என் பக்கத்தில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ர அண்ணா வேலூரிலதான் செத்தவர், தங்கச்சி. யாழ்ப்பாணத்தில இருந்து வைத்தியத்துக்குக் கொண்டு போனவை. இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி. நான் இஞ்ச வந்த புதுசு. அகதிப் பேப்பர்தான் கையில. நாட்டை விட்டு வெளிய போகேலாது."

"ஐயோ, அக்கா."

"அம்மாவும் மச்சாளும் ரெண்டு மாசம் லொட்ஜில அறை எடுத்து இருந்தவை. சமைச்சுக் கொண்டு போய்க் குடுக்கிறது. அந்த லொட்ஜுகள் இப்பவும் இருக்குதோ?"

"இருக்குதுக்கா. ஆஸ்பத்திரி எதிர்ல சந்து சந்தா இருக்குது. ரூமுக்குள்ளயே அடுப்பு, பாத்திரம் எல்லாம் குடுப்பாங்க. எல்லா ஊர் ஆளுங்களும் வருவாங்க."

"கோட்டை ஒண்டு இருக்கெண்டு அம்மா சொன்னவ. பின்னேரத்தில அண்ணா அந்தத் தண்ணியைப் பாத்துக்கொண்டு இருப்பாராம்."

"அகழிக்கா. கோட்டையச் சுத்தி நிறைய தண்ணி. சாயங்காலத்துல காத்து நல்லா வரும். கரையில புல்லு இருக்குது, ஜனங்க வந்து உக்காருவாங்க." சொல்லச் சொல்ல அவர் முகம் மெதுவாக இளகியது. நான் சொல்வதை வைத்து ஒரு ஆளை அங்கே உட்காரவைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அதனால் இன்னும் சொன்னேன். லாங் பஜாரில் தள்ளுவண்டியில் பழம் விற்பதை, பஸ்கள் திரும்புவதை.

மைக்கில் ஏதோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஆத்தங்கரையில எரிச்சவை. சாம்பலை ஆத்திலதான் விட்டவை. என்ன ஆறு அது?"

"பாலாறுக்கா."

"பெரிசோ?"

"ரொம்ப அகலம்" என்றேன். அது உண்மை.

"தண்ணி ஓடுமோ?"

பாலாற்றில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலும் முள்செடியும்தான். பெருமழை பெய்த வருடத்தில் சில வாரம் ஓடும். மற்றபடி எங்கள் ஊரின் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு தேங்கி நிற்கும். அந்தத் தோலை வைத்துத்தான் நானும் சாப்பிடுகிறேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர் ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஓடும்க்கா" என்றேன். "எப்பவும் ஓடும்."

அவர் என் கையை ஒருமுறை பிடித்து விட்டார். "அது போதும்" என்றார். கவுன்டரில் யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

படகு துறைக்கு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். போன் நம்பர் வாங்க வேண்டும் என்று நான் நடைபாதையில் நின்றேன். அவர் உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த நடைக்கான கூட்டம் ஏற ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை நிமிர்ந்து, ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். படகு போய்விட்டது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தை விட, பொய் சொன்ன கனம்தான் அதிகமாக இருந்தது. ஆனாலும் திரும்ப அந்தக் கேள்வி வந்தால் அதே பதிலைத்தான் சொல்வேன் என்றும் தோன்றியது. ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வெயில் இன்னும் போகவில்லை.

சரக்கு தப்பித்தது. ஊர் திரும்பியதும் மேனேஜர் எல்லார் முன்னாலும் கைதட்டச் சொன்னார். வீட்டில் தங்கை ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒண்ணுல கூட நீ இல்லியே?"

"எடுக்க ஆள் இல்ல."

"தமிழ் ஆளுங்க யாருமே கிடைக்கலியா?"

"ஒரு அக்கா இருந்தாங்க. படகுல."

"இன்னா பேசுனீங்க?"

"ஊரப் பத்திதான்" என்றேன். அவள் அடுத்த போட்டோவுக்குப் போய்விட்டாள்.