நாலு ஆம்பியரில் பஸ்ரா வரை

எங்கள் சந்தில் ஒரு பல்பு அணைந்தாலும் திட்டு எனக்குத்தான். ஜெனரேட்டர்காரன் பிழைப்பு அப்படி. பாக்தாத்தில் அரசு கரண்ட் இரண்டு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இருக்காது. அந்த நாலு மணி நேரமும் எண்பத்தாறு வீடுகள் என் எஞ்சினை நம்பி இருக்கின்றன. நம்பிக்கொண்டே திட்டவும் செய்கின்றன. எனக்கு யாருடைய முகமும் முதலில் நினைவுக்கு வராது, அவர்கள் எடுக்கும் ஆம்பியர் அளவுதான் வரும். வக்கீல் வீடு பன்னிரண்டு. உம்மு குதைபா வீடு எட்டு, அந்த அம்மாவின் வாய் மட்டும் இருபது. கஹ்தான் வீடு நாலு.

கஹ்தான், பஸ் மாதிரி ஆள் ஏற்றி இறக்கும் கியா வேன் ஓட்டுகிறவர். பையாவிலிருந்து பாபுஷ் ஷர்கி வரை, அங்கிருந்து திரும்பப் பையா. ஜனங்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பின்சீட்டிலிருந்து காசு அனுப்புவார்கள், பாக்கிச் சில்லறை அதே வழியில் திரும்பிப் போகும். இறங்குகிறவர்கள், "டிரைவர், நான் இறங்கணும், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் தரட்டும்" என்பார்கள். இவர் ஒவ்வொருவரிடமும், "கதவ மெதுவா சாத்துங்க" என்பார். இருபத்தாறு வருஷமாக நாளெல்லாம் இதே பேச்சுதான்.

அவர் ஓட்ட நினைத்தது விமானம். வாலிபத்தில் விமானி வேலைக்கு அளந்து பார்த்தபோது இரண்டு விரல்கடை உயரம் குறைந்துவிட்டது. இன்றைக்கும் வேனில் சீட்டுக்கு மேல் ஒரு தலையணை போட்டுத்தான் உட்காருவார். நிச்சயதார்த்தத்தன்று, மனைவியாகப்போகிற நிதாலிடம், அவள் பிறந்த ஊரான பஸ்ராவுக்கு விமானத்தில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அளக்கப் போனது அதற்கடுத்த வாரம். நிதால் இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் மனுஷனுக்கு ஆறியிருக்கும் என்பது என் எண்ணம்.

போன குளிர்காலத்தில் மைத்துனர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் புரோகிராம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே நிஜமான நதி, நிஜமான ஊர்கள், பொத்தான்கள் எல்லாம் அப்படியே. அதை விளையாட்டு என்று நான் வாய்தவறிச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிதாலைப் பக்கத்தில் உட்காரவைத்து பஸ்ராவில் இறக்குவது என்று தீர்மானித்துவிட்டார். ஆனால் அந்தப் புரோகிராம் கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரில் மூச்சுத் திணறுமாம். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால்தான் உண்டு.

கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய வேன் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ஸினாஆ தெருவை ஒட்டித்தான் போகிறது. பக்கத்திலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் விஷயம் தெரிந்தவர்கள். ஒரு தாளில் பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை என்று வரிசையாக எழுதி, முன்சீட்டுக்கு எதிரே ஒட்டிவிட்டார். முன்சீட்டில் உட்காருகிறவர் ஒரு யோசனை சொல்லாமல் இறங்கமுடியாது. பின்சீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காசோடு காசாகத் துண்டுச்சீட்டும் கைமாறி வர ஆரம்பித்தது. "அந்த பிராசஸர் வேண்டாம், சூடாகும்." "ராம் ரெண்டு பட்டையா போடுங்க, ஒண்ணா வேண்டாம்." ஒரு நாள் கிராஃபிக்ஸ் கார்டு சண்டையில் இரண்டு பேர் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் தாள் நாலு தடவை மாறியது.

அந்தப் பட்டியலில் கஹ்தான் தானாக முடிவு செய்தது ஒன்றே ஒன்றுதான், பவர் சப்ளை. எல்லோரும் புதிது வாங்கச் சொன்னார்கள். இவர் சிரித்தார். எந்த பாக்தாத் டிரைவரிடமும் கேட்டுப்பாருங்கள்: புதுசாக வரும் போலி பாகத்தைவிட, வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய பழைய அசல் பாகம்தான் மேல். அதிலும் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். என் எஞ்சினிலேயே பாதி அப்படிச் சேர்த்ததுதான். ஆகவே மற்ற எல்லாவற்றையும் கடையில் புதிதாக வாங்கியவர், பவர் சப்ளைக்கு மட்டும் பழைய சாமான் குவித்து வைத்திருந்தவரிடம் போனார். அமெரிக்க ஆபீஸ் ஒன்றில் இருந்தது, கல் மாதிரி கனம். போட்டுக் காட்டட்டுமா என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார். வேன் வரிசையில் தன் முறை வந்துவிடும் என்று இவர் அவசரமாகக் கிளம்பி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பாகங்களைப் பூட்ட உட்கார்ந்தார். நிதால் திருகாணிகளைத் தேநீர்த் தட்டில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அப்போது ஓடிக்கொண்டிருந்தது என் கரண்ட். அவர் பொத்தானை அழுத்தினார். குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை.

சந்து மொத்தமும் நேராக என்னிடம்தான் ஓடிவந்தது. கஹ்தான் வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. முன்னால் உம்மு குதைபா.

"பாவி மனுஷா, மூணு மாசமா கண்ணுல வெச்சுப் பாத்து வாங்கின சாமானய்யா அது! உன் கரண்ட் ஏறி எரிச்சுடுச்சே. போன வருஷம் என் ஃபிரிட்ஜு, இந்த வருஷம் அவர் கம்ப்யூட்டரா?"

மீட்டரைக் காட்டினேன். முள் இருக்கவேண்டிய அளவில், இருநூற்றுப் பதினைந்து வோல்ட்டில் அசையாமல் நின்றது. மீட்டரையும் நான்தான் கெடுத்து வைத்திருக்கிறேன் என்றார்கள். கஹ்தான் வாசலில் வந்து நின்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அவர் வேன் திரும்பும் நேரம் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலாம் நாள், மின்னியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் அவருடைய முன்சீட்டில் ஏறியிருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு, "பின்பக்கம் சின்னதா ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்துச்சா?" என்று ஒரே கேள்வி கேட்டாராம்.

அன்று சாயங்காலம் தேநீர்க்காரர் என் ஜெனரேட்டர் பக்கத்தில் தட்டைப் பரப்பும் நேரம். சந்தில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கஹ்தான் எரிந்த பவர் சப்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உம்மு குதைபாவும் கேட்கட்டும் என்று அவர் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றார்.

"எல்லாரும் இதப் பாருங்க. இந்த ஸ்விட்சு நூத்துப் பதினஞ்சுல இருக்கு, அமெரிக்கா கரண்டு. நான் மாத்தாமயே நம்ம இருநூத்து இருபதுல சொருகிட்டேன். தப்பு என்னோடது. இந்த அபூ ஸைஃப் ஜெனரேட்டர் கரண்டுல ஒரு குறையும் கிடையாது." பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்கே உன் பக்கம் நின்னிருக்கணும். வாயடைச்சுப் போய் நின்னுட்டேன். மன்னிச்சுடு கண்ணு."

பதினெட்டு வருஷமாக ஜெனரேட்டர் ஓட்டுகிறேன். என் கரண்டில் குறையில்லை என்று ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். தேநீர் ஆறுகிறது, குடி என்று அதட்டினேன்.

நல்லவேளையாக மற்ற பாகங்கள் பிழைத்துக்கொண்டன. அடுத்த பவர் சப்ளையையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார், இந்தத் தடவை புதிது. நிதாலின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு லேபிளில் இருந்த அத்தனை எழுத்தையும் படித்தாராம். அவருடைய வேன் முறை போயே போய்விட்டது. புதியதற்குச் செலவழித்ததில், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கும் யு.பி.எஸ் வாங்க வழியில்லாமல் போனது. அந்தக் கவலையோடு என்னிடம் வந்தார்.

"பஸ்ராவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அரசு கரண்ட் ரெண்டு மணிக்கு வரும், நாலுக்குப் போகும்னு ஒரு பேச்சு. நம்பமுடியுமா? நடுவானத்துல அணைஞ்சா நிதால் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

கரண்ட் மாறும் அந்தச் சில நொடிதான் பிரச்சினை. யோசித்தேன். இருக்கிற வழி ஒன்றே. அதை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மெயின் ஸ்விட்ச என் பக்கம் திருப்பி வெச்சுக்க. அரசு கரண்ட் இருந்தாலும் இல்லேன்னாலும் நீ இறங்கற வரைக்கும் நான் எஞ்சின நிறுத்தமாட்டேன். இறங்கினதும் நிதால ஜன்னல்ல கை காட்டச் சொல்லு. ஆனா உனக்கு நாலு ஆம்பியர்தான், ஏர்கூலரப் போட்டேன்னா மொத்தமும் போயிடும்."

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. எல்லா வீட்டிலும் அரசு கரண்ட் இருக்கிறது, எல்லா ஏர்கூலரும் ஓடுகிறது. நடுவில் என் எஞ்சின் ஒரே ஒரு வீட்டுக்காகப் புகை விட்டுக்கொண்டு கத்துகிறது. உம்மு குதைபா எட்டிப் பார்த்து, டீசலைக் கொட்டி எரிக்கப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். எஞ்சினைச் சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கஹ்தான் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார், நிதால் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வெயிலுக்குப் பயந்து நாய்கூட வெளியே வராத நேரத்தில் நான் எஞ்சினைவிட்டு நகரவில்லை. கை எஞ்சின் நெம்புகோலைத் தொட்டபடியே இருந்தது.

அன்றைக்கென்று பார்த்து அரசு கரண்ட் போகவே இல்லை. நாலு மணி தாண்டியும் ஜம்மென்று இருந்தது. ஒன்றேகால் மணி நேர டீசல் வீண். வேறு ஒரு நாளாக இருந்தால் மின்சார இலாகாவையே சபித்திருப்பேன். அன்று சிரித்துக்கொண்டேன்.

நாலேகாலுக்கு ஜன்னலில் நிதாலின் விசிறி அட்டை ஆடியது. எஞ்சினை நிறுத்தினேன். அந்தக் கத்தலுக்குப் பிறகு சந்தில் அப்படி ஒரு அமைதி. நிதாலின் குரல் தெளிவாகக் கேட்டது.

"டிரைவர், நான் இறங்கணும். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் தரட்டும்."

பிறகு கஹ்தான் பேசினார். அவர் அழுதுகொண்டிருந்தது குரலிலேயே எனக்குத் தெரிந்தது.

"கதவ மெதுவா சாத்து, நிதால்."