இரும்புக் காப்பு போட்ட காவலாளி

ஒரு சிறுகோளுக்குக் காந்தப்புலம் இருக்கிறதா என்று அறிய விண்கலத்தில் அனுப்பப்போகும் கருவியைச் சோதிக்க, உத்திரமேரூரை அடுத்த பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் போயிருந்தோம். மின்கம்பியோ வண்டிச் சத்தமோ இல்லாத தரிசு நிலம். ஊர்க்காரர் ஒருவரைக் காவலுக்கு வைத்திருந்தோம். நெடிய, ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் மணிக்கட்டில் கிடந்த இரும்புக் காப்பை உருட்டிக்கொண்டே இருப்பார்.

முதல் நாள் அவர் கருவிக்கு அருகே வரும்போதெல்லாம் கணினித் திரையில் கோடு துள்ளியது. காப்பைக் கழற்றச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே.

"கயட்ட வராது சார். சின்ன வயசுல ஜொரம் கண்டப்போ எங்கம்மா போட்டுது. இப்ப கை பெருத்துப்போச்சு."

"அப்ப வரப்பைத் தாண்டி வராதீங்க."

அன்று முழுக்க வெயிலில் வரப்பிலேயே நின்று மாடுகளை விரட்டினார். மாலையில் அங்கிருந்தே கேட்டார். "வானத்துல கீற அந்தக் கல்லுல காந்தம் இல்லன்னா இன்னா சார் பண்ணுவீங்க?"

"இல்லைன்னு எழுதுவோம்."

மறுநாள் காலையில் வெறுங்கையோடு வந்தார். காப்பை உத்திரமேரூர் வெல்டிங் கடையில் அறுத்துவிட்டாராம். மணிக்கட்டில் கீறல் சிவந்திருந்தது.

"யாருங்க அறுக்கச் சொன்னது?" என்று பதறினேன்.

"என் காப்பைப் போயி கல்லோட காந்தம்னு எய்திட்டீங்கன்னா? தப்பாயிடும் இல்ல?"

இது வெறும் சோதனைதான் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கருவியின் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

"இப்ப சரியா கீதா சார்?"

கோடு அசையவில்லை. "சரியா இருக்கு" என்றேன்.

கண்ணால் பார்க்காத ஒரு கல்லின் மேல் அவருக்கு ஏன் அத்தனை அக்கறை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அன்றைய குறிப்பில் 'இடையூறு இல்லை' என்று எழுத வெகுநேரம் ஆயிற்று.